கொரிய மெய்யெழுத்துகள்: தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரிய மொழிப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுகிறவரின் வாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் நமக்குச் சுலபமாக வருவதைக் கடினம் என்று பயமுறுத்துகின்றன. நாம் நிஜமாகவே தடுமாறுகிற இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. தமிழ் வாயோடு தொடங்குகிறவர்களுக்காகவே இந்தக் கேள்வி பதில். இங்கே எல்லாம் தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கொரிய எழுத்தையும் பெயராலும் வடிவத்தாலும் சொல்லியிருக்கிறேன். ஒரு ஹங்குல் (கொரிய எழுத்து) அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

மொத்தம் எத்தனை மெய்யெழுத்துகள்?

அடிப்படை எழுத்துகள் 14. அவற்றில் ஐந்தை இரட்டையாக எழுதினால் இன்னும் ஐந்து. ஆக 19. இரட்டை எழுத்துகளுக்குப் புது வடிவம் எதுவும் இல்லை, அதே எழுத்தைப் பக்கத்தில் இன்னொரு முறை போடுவதுதான். ஆகவே கண் பழகவேண்டியது 14 வடிவங்களுக்கு மட்டும்.

வடிவங்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த எழுத்துகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்சத்து அரசர் சேஜோங் 1443-இல் இவற்றை உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். எழுத்துகளின் விளக்கவுரை நீண்ட காலம் கண்ணில் படாமலே இருந்து, 1940-இல்தான் கிடைத்தது. வடிவங்கள் வாயின் படங்கள் என்பது அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

கியோக், எண் 7 மாதிரி இருக்கும். நாக்கின் அடிப்பகுதி எழும்பித் தொண்டையை அடைப்பதன் பக்கவாட்டுப் படம் அது. ஒலி க. நியுன், நம் ‘ட’ போலவே இருக்கும். நாக்கு நுனி மேலே போய்த் தொடும் படம். ஒலி ந. தமிழ்க் கண்ணுக்கு இது ஒரு பொறி. முதல் வாரம் முழுக்க இதை ‘ட’ என்றே படிப்பவர்கள் உண்டு. மியும் ஒரு சதுரம், அதாவது வாய், ஒலி ம. ஷியொத் கூரை போல இரண்டு சாய்ந்த கோடுகள், அதாவது பல், ஒலி ஸ. இயுங் ஒரு வட்டம், அதாவது தொண்டை.

இந்த ஐந்துதான் வேர். ஒலி கடினமாக ஆக, கோடு கூடிக்கொண்டே போகும். நியுனின் தலையில் ஒரு கோடு போட்டால் திகுத் (த). அதன் நடுவிலும் ஒரு கோடு போட்டால் தியுத் (மூச்சோடு வரும் த). கியோக்கின் நடுவில் கோடு போட்டால் மூச்சோடு வரும் க. ஷியொத்தின் தலையில் கோடு போட்டால் ஜியுத், அதற்கும் மேலே ஒரு சின்னக் கோடு போட்டால் ச்ஹியுத். வட்டத்துக்குத் தொப்பி வைத்தால் ஹியுத் (ஹ). ப வரிசை நமக்கு ஒரு பரிசு. பியுப் என்ற எழுத்து நம் ‘ப’வின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டது போலவே இருக்கும், ஒலியும் ப-தான். தற்செயல்தான், ஆனால் மறக்கவே முடியாது. ரியுல் மட்டும் கொஞ்சம் தனி. 2 என்ற எண்ணை வளைவில்லாமல் மூலை மூலையாக எழுதினால் அது ரியுல்.

மெய்க்கு மேலே புள்ளி கிடையாதா? எழுத்துகளை எப்படிச் சேர்க்கிறார்கள்?

புள்ளி கிடையாது. ஓர் அசை ஒரு கட்டம். கட்டத்தின் இடப்பக்கமோ மேலேயோ மெய், அதன் வலப்பக்கமோ கீழேயோ உயிர், தேவைப்பட்டால் அடியில் இன்னொரு மெய். ‘கிம்’ என்று எழுத, மேலே இடதில் கியோக், வலதில் இகரக்கோடு, அடியில் மியும். அடியில் வருகிற மெய்க்குப் பத்சிம் என்று பெயர், தாங்குவது என்று பொருள். நம் புள்ளி செய்யும் வேலையை இங்கே இடம் செய்கிறது: கீழே இருந்தால் மெய்.

ஒரே எழுத்தைச் சில இடத்தில் ஒரு மாதிரியும் வேறு இடத்தில் வேறு மாதிரியும் ஒலிக்கிறார்களே, எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ் தெரிந்தவர் இதைக் கேட்கவே வேண்டியதில்லை. ‘கடல்’ என்பதில் வரும் க வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் க வேறு. ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் ப இரண்டு விதமாக ஒலிக்கிறது. ‘தந்தம்’ என்பதில் த-வும் அப்படியே. யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை, வாய் தானாகவே செய்கிறது.

கொரியனிலும் கியோக், திகுத், பியுப், ஜியுத் ஆகிய நான்கும் கிட்டத்தட்ட இதே விதியில் நடக்கின்றன. சொல்லின் முதலில் வந்தால் வல்லொலி. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தாலும், ந, ம, ங, ல ஒலிகளுக்குப் பின்னால் வந்தாலும் மெல்ல அதிரும் ஒலி. இறைச்சிக்குக் கொரியனில் ‘கோகி’. நம் ஊர்க் கோகிலாவைக் கூப்பிடுவது போலச் சொன்னால் இரண்டு க-வும் சரியாக விழுந்துவிடும். முதல் க கனமாக, இரண்டாவது மென்மையாக.

ஒரே ஓர் எச்சரிக்கை. தமிழில் உயிர்களுக்கு நடுவே க கிட்டத்தட்ட ஹ போல உருகிவிடும். ‘மகள்’ என்பதைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள், தெரியும். கொரியனில் அவ்வளவு உருக விடாதீர்கள். ‘தங்கம்’ அளவுக்குப் பிடிப்பு வேண்டும்.

ஆங்கில வழிப் பாடங்கள் கியோக்கைத் ‘தங்கம்’ என்பதில் வரும் க என்றே முதலில் சொல்லிக்கொடுக்கும். அதை நம்பிச் சொல்முதலிலும் அப்படியே ஒலித்தால் கொரியக் காதுக்கு அது இடறும்.

சாதா க, மூச்சு விடும் க, இரட்டைக் க மூன்றும் எனக்கு ஒரே மாதிரி கேட்கிறதே?

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் கேட்கும். கொரிய மெய்களில் நிஜமான வேலை இங்கேதான் இருக்கிறது.

க, த, ப, ச ஆகிய நான்கு இடங்களிலும் மூன்று மூன்று ஒலிகள். இந்தப் பக்கத்தில் சாதாவை க என்றும், மூச்சோடு வருவதை க்ஹ என்றும், இறுக்கமானதை க்க என்றும் எழுதுகிறேன். வித்தியாசம் வெறும் நுணுக்கம் இல்லை, பொருளே மாறும். தல் என்றால் நிலா, த்ஹல் என்றால் முகமூடி, த்தல் என்றால் மகள். புல் என்றால் நெருப்பு, ப்ஹுல் என்றால் புல் (ஆமாம், நம் புல்லேதான், ஆனால் மூச்சோடு), ப்புல் என்றால் கொம்பு. பாங் அறை, ப்பாங் ரொட்டி. இந்த ப்பாங்கும் இலங்கையில் சொல்கிற பாணும் போர்த்துக்கீசியத்தில் இருந்து கிளம்பிய ஒரே சொல்.

முதலில் இறுக்க ஒலி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்குத்தான் திணறுவார்கள். நமக்கோ இது வீட்டுச் சரக்கு. ‘அப்பா’ என்று சொல்லுங்கள். ப்ப-வில் உதடு மூடி ஒரு கணம் அழுத்தி நிற்கிறது அல்லவா? அந்த அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு முதலில் உள்ள அ-வை மட்டும் விட்டுவிடுங்கள். ‘ப்பா’. அதுதான் இரட்டைப் பியுப். ‘பக்கம்’, ‘பத்து’, ‘பச்சை’ ஆகியவற்றை வைத்து மற்ற மூன்றையும் இதே மாதிரி எடுத்துவிடலாம். கொரியக் குழந்தையும் தகப்பனை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறது, உதடு அழுத்துவதும் அதே இடத்தில்தான்.

மூச்சொலி நமக்குப் புதிது. தமிழ் வல்லினத்தில் மூச்சு கலப்பதே இல்லை. பாடப்புத்தகம் ‘ஆங்கிலப் பென் என்ற சொல்லின் ப’ என்று உதாரணம் காட்டும். அது நமக்கு உதவாது. லண்டன்காரர் அதை மூச்சோடு சொல்வார், நாம் மூச்சில்லாமல்தான் சொல்கிறோம். ஹிந்தியோ சம்ஸ்கிருதமோ படித்தவர்களுக்கு வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து கைகொடுக்கும். மற்றவர்கள் ப் என்று உதட்டைத் திறந்த உடனே ஒரு ‘ஹ’வை ஊதிவிடுங்கள். தொடக்கத்தில் மிகைப்படுத்துவதில் தப்பில்லை.

இனி சாதா ஒலி. சுலபம் என்று நினைத்து நாம் ஏமாறுவது இதில்தான். நம் சொல்முதல் க-வில் மூச்சே கிடையாது, தொண்டையும் சற்று இறுக்கம். அதனால் நாம் சாதாரணமாக ‘கபாங்’ (பை) என்று சொன்னால் கொரியர் காதில் பல நேரம் அது ‘க்கபாங்’ என்று விழும். சாதா ஒலிக்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும். தொண்டையைத் தளர்த்தி, ஒரு சொட்டு மூச்சு கசிய விட்டு, குரலைத் தாழ்த்தித் தொடங்குங்கள்.

குரலைத் தாழ்த்துவது முக்கியம். இன்றைய சோல் (நாம் சியோல் என்று எழுதுவது) நகர இளைஞர்களின் பேச்சில் சாதா ஒலிக்கும் மூச்சொலிக்கும் மூச்சளவில் பெரிய வித்தியாசம் இல்லை. சுருதிதான் பிரித்துக் காட்டுகிறது. சாதா எழுத்தில் தொடங்கும் சொல் தாழ்ந்த குரலில் கிளம்பும், மற்ற இரண்டும் உயர்ந்த குரலில் கிளம்பும். தல், த்ஹல் இரண்டையும் ஒலிப்பதிவில் கேட்கும்போது மூச்சைத் தேடாமல் குரலின் உயரத்தைக் கவனித்தால் சட்டென்று பிடிபடும். பல பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதே இல்லை.

வாய்க்கு முன்னால் காகிதம் பிடித்துப் பார்க்கும் சோதனை நம்பகமானதா?

மூச்சொலிக்கு மட்டும். மெல்லிய காகிதம் ப்ஹ-வுக்கு நன்றாக ஆடவேண்டும், ப்ப-வுக்கு அசையவே கூடாது. சாதா ப-வுக்கு லேசாக ஆடலாம். ஆகவே சாதாவைச் சோதிக்கக் காகிதம் போதாது. அதற்குக் காதும் ஒலிப்பதிவும்தான்.

திகுத் த-வா, ட-வா?

த. நாக்கு மேல்பல்லின் பின்புறத்தையும் அதை ஒட்டிய ஈற்றையும் தொடுகிறது, உள்ளே மடிவதில்லை. ஆங்கில எழுத்துவழி வருகிற எல்லாவற்றையும் ட என்று எழுதுவது நம் வழக்கம், அதனால்தான் கொரிய ஊர்ப்பெயர்கள் டேகு, டேஜியோன் என்று அச்சாகின்றன. தேகு, தேஜொன் என்று சொல்லிப் பழகுங்கள். நாக்கை மடிக்கும் ட, ண, ள, ழ எதற்கும் கொரியனில் வேலை இல்லை.

ஷியொத், ஜியுத், ச்ஹியுத்: நமக்கு எல்லாமே ச மாதிரி இருக்கிறதே?

இங்கே தமிழ் எழுத்து நம்மைக் கைவிடுகிறது. ‘சங்கு’ என்பதைச் சிலர் ஸ ஒலியோடு சொல்கிறோம், சிலர் ‘பச்சை’ என்பதன் ச ஒலியோடு. நமக்கு இரண்டும் ஒன்றுதான். கொரியருக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து.

ஷியொத் எப்போதும் ஸ. உயிர்களுக்கு நடுவில் வந்தாலும் மெலியாது. ஆனால் இகரம் பின்னால் வந்தால் ‘ஷி’ ஆகிவிடும், நேரத்துக்கு ‘ஷிகன்’. ஜியுத் சொல்முதலில் ‘பச்சை’யின் ச, ஆனால் இறுக்காமல், நடுவில் வந்தால் ‘பஞ்சு’வின் ச. கால்சட்டையை ‘பாஜி’ என்கிறார்கள். ச்ஹியுத் அதே இடத்தில் மூச்சோடு.

ஸ-வுக்கும் இறுக்க வடிவம் உண்டு. ஸல் என்றால் சதை, ஸ்ஸல் என்றால் அரிசி. இந்த ஜோடி வராவிட்டால் மனம் தளரவேண்டாம். பூசான், தேகு வட்டாரப் பெரியவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள், அதை வைத்து சோல்காரர்கள் கிண்டலும் செய்கிறார்கள்.

ரியுல் ர-வா ல-வா? ழ மாதிரி எங்கோ படித்தேனே?

ழ இல்லவே இல்லை. உயிர்களுக்கு நடுவே வந்தால் ‘மரம்’ என்பதன் ர, ஒரே தட்டு. அசையின் கடைசியில் வந்தால் ‘பால்’ என்பதன் ல். இரண்டு ரியுல் அடுத்தடுத்து வந்தால் ல்ல. பாட்டுக்கு ‘நொரே’, தண்ணீருக்கு ‘முல்’, சீக்கிரம் என்பதற்கு ‘ப்பல்லி’. கடைசிச் சொல்லை மறப்பது கஷ்டம். சுவரில் ஓடும் பல்லியை உதடு அழுத்திச் சொன்னால் போதும், கொரியாவில் அவசரப்படுத்திவிடலாம்.

பிறமொழிச் சொற்களின் முதலில் ரியுல் வந்தால் ர-வுக்கும் ல-வுக்கும் நடுவில் எதுவும் கேட்கலாம். ‘ரேடியோ’ ‘லாதியோ’ போலக் கேட்டால் திகைக்க வேண்டாம்.

வட்டத்துக்கு ஒலி உண்டா, இல்லையா?

மேலே இருந்தால் இல்லை, கீழே இருந்தால் ங். சொல் உயிரில் தொடங்கினாலும் கட்டத்தில் மெய்யின் இடத்தைக் காலியாக விடக்கூடாது என்பதற்காக வட்டம் உட்கார்ந்திருக்கிறது. பழைய காலத்தில் ங்-க்கு வேறு எழுத்து இருந்தது. சேஜோங் தந்த 28 எழுத்துகளில் வழக்கொழிந்த நான்கில் அதுவும் ஒன்று.

கீழே வரும் வட்டத்தில் நமக்கு ஒரு சிக்கல். தமிழில் ங் தனியாக நிற்பதில்லை, பின்னால் ஒரு க வந்தே தீரும். அதனால் ஆற்றைக் குறிக்கும் ‘கங்’ நம் வாயில் ‘கங்கு’ ஆகிவிடுகிறது. ‘தங்கம்’ என்று தொடங்கி ‘தங்’ என்பதோடு நிறுத்துங்கள். நாக்கின் அடி மேலேயே ஒட்டியிருக்க, மூக்கு வழியாக மட்டும் ஒலி போகவேண்டும். க-வுக்காக நாக்கை விடுவிக்கக் கூடாது.

நாடகத்தில் ‘நே’ என்பது ‘தே’ என்று கேட்கிறது. என் காது சரியில்லையா?

உங்கள் காது சரிதான். சொல்லின் முதலில் வரும் ந, ம ஒலிகளில் மூக்கோசையைக் கொரியர்கள் வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் ‘ஆம்’ என்று பொருள்படும் ‘நே’ சில வாயில் மென்மையான ‘தே’ போலக் கேட்கும். ‘என்ன’ என்னும் ‘முவொ’ ‘புவொ’ போலவும் கேட்கும். நீங்கள் அப்படிச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, புரிந்துகொண்டால் போதும்.

அடியில் வரும் மெய்யை எப்படி ஒலிப்பது?

இரண்டு விஷயங்கள் தெரியவேண்டும்.

முதலாவது, ஒலியை விடுவிக்கக் கூடாது. சோற்றுக்குக் கொரியனில் ‘பப்’. உதடு மூடியதும் முடிந்துவிட்டது. மறுபடி திறந்தால் தப்பு. தமிழ் வாய் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளாது. வல்லினத்தில் சொல் முடிவது தமிழுக்கே பழக்கமில்லை. அதனால்தான் ‘புக்’ என்பதைப் ‘புக்கு’ என்கிறோம், ‘பஸ்’ என்பதைப் ‘பஸ்ஸு’ என்கிறோம். ‘பப்’ என்பதைப் ‘பப்பு’ என்றால் கொரியருக்கு அது வேறு சொல்லாகக் கேட்கும். ஏனென்றால் அந்தக் குட்டி உகரம் அவர்கள் மொழியிலும் ஒரு முழு உயிரெழுத்து. நம் குற்றியலுகரம் போலவே உதடு குவியாமல் ஒலிப்பது. அவர்களும் பேருந்தை ‘பொஸு’ என்று அந்த உகரம் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பழகுவதற்கு ஒரு வழி: ‘பப்பா’ என்று சொல்லத் தொடங்கி, நடுவில் உதடு மூடிய இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

இரண்டாவது, அடியில் எந்த எழுத்து இருந்தாலும் வெளியே வரும் ஒலி ஏழுதான்: க், ந், த், ல், ம், ப், ங். க-வின் மூன்று வகையில் அடியில் எது வந்தாலும் வெறும் க். பியுப்பும் அதன் மூச்செழுத்தும் ப். மீதி எல்லாம், அதாவது திகுத், தியுத், ஷியொத், ஜியுத், ச்ஹியுத், இரட்டை ஷியொத், ஹியுத் கூட, த் ஆகிவிடும். அரிவாளுக்கும் பகலுக்கும் முகத்துக்கும் கொரியனில் மூன்று வெவ்வேறு எழுத்துக்கூட்டல். தனியாகச் சொன்னால் மூன்றும் ‘நத்’.

பிறகு ஏன் மூன்று விதமாக எழுதவேண்டும்? பின்னால் உயிர் வந்தால் ஒளிந்திருந்த ஒலி வெளியே வருவதால்தான். உடையைக் குறிக்கும் சொல் தனியாக ‘ஒத்’. எழுவாய் உருபான ‘இ’ சேர்ந்தால் ‘ஒஷி’. பூ ‘க்கொத்’, உருபு சேர்ந்தால் ‘க்கொச்ஹி’. பால் + ஆறு = பாலாறு என்று படித்த நமக்கு, மெய்யின் மேல் உயிர் வந்து ஏறிக்கொள்வதில் அதிசயம் எதுவும் இல்லை.

அடியில் இரண்டு மெய் சேர்ந்து நிற்கும் சொற்களும் உண்டு. கோழி ‘தக்’ என்பதில் ரியுலும் கியோக்கும் சேர்ந்து எழுதியிருக்கும், ஒலிப்பது கியோக் மட்டும். இவற்றைச் சொல் சொல்லாகக் கற்றுக்கொள்வதே நல்லது. ஆரம்பத்திலேயே பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள்.

எழுதியிருப்பது ஒன்று, படிப்பது ஒன்றாக இருக்கிறதே?

புணர்ச்சிதான். தமிழில் கல் + மலை ‘கன்மலை’ ஆனால் எழுத்தையும் மாற்றிவிடுவோம். கொரியர்கள் எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றுகிறார்கள்.

முதலில் தேவைப்படுவது மூக்கொலி விதி. க், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால் ந-வோ ம-வோ வந்தால் அவை முறையே ங், ந், ம் ஆகும். நன்றி சொல்லும் ‘கம்ஸாஹம்னிதா’வை எழுத்துக் கூட்டிப் பாருங்கள், அங்கே இருப்பது ‘ஹப்’. ரசத்தைப் போன்ற குழம்புநீர் ‘குக்முல்’ என்று எழுதப்பட்டு ‘குங்முல்’ என்று ஒலிக்கும். சோல் நகரின் விடுதலை வாயில் எழுத்தில் தொக்-ரிப்-முன், வாயில் ‘தொங்நிம்முன்’. ஒரே சொல்லில் மூன்று இடத்தில் மாற்றம்.

இன்னொன்று, வல்லொலிக்குப் பின்னால் வரும் சாதா எழுத்து இறுகிவிடும். உணவகம் ‘ஷிக்த்தங்’, பள்ளி ‘ஹக்க்கியோ’. ‘நட்பு’, ‘வெட்கம்’ என்று நாம் சொல்லும்போது ப-வும் க-வும் மெலியாமல் நிற்பது போல. இதற்காகத் தனியாக உழைக்கவேண்டாம், நம் வாய் தானாகவே செய்துவிடும்.

‘சேர்ந்து’ என்று பொருள்படும் சொல் எழுத்தில் கத்ஹ் + இ. ஒலிப்பதோ ‘கச்ஹி’. ‘படித்து’ என்பதைப் ‘படிச்சு’ என்றும் ‘ஐந்து’ என்பதை ‘அஞ்சு’ என்றும் பேசுகிற நமக்கு இதுவும் தெரிந்த கதைதான்.

ஹியுத் சில நேரம் காணாமல் போகிறதே?

அடியில் இருந்து பின்னால் உயிர் வந்தால் ஒலிக்காது. ‘பிடித்திருக்கிறது, நல்லது’ என்னும் சொல்லை ‘சோஹ்-ஆ-யோ’ என்று எழுதி ‘சோஆயோ’ என்கிறார்கள். பக்கத்தில் சாதா வல்லெழுத்து இருந்தால் அதோடு கலந்து மூச்சொலி ஆகும். வாழ்த்து, எழுத்தில் ‘ச்ஹுக்-ஹா’, ஒலியில் ‘ச்ஹு-க்ஹா’.

எழுத்துகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வது அவசியமா?

படிப்பதற்கு அவசியம் இல்லை, எழுத்துக் கூட்டிச் சொல்ல உதவும். ஆனால் பெயரிலேயே பாடம் இருக்கிறது. ‘நியுன்’ என்பதில் முதல் ஒலியும் ந, கடைசி ஒலியும் ந். எழுத்து மேலே இருந்தால் என்ன, அடியில் இருந்தால் என்ன என்று பெயரே சொல்லிவிடுகிறது. மூன்று பெயர்கள் மட்டும் இந்த ஒழுங்கில் இல்லை: கியோக், திகுத், ஷியொத். 1527-இல் ச்ஹொய் ஸேஜின் என்ற அறிஞர் பெயர்களைச் சீன எழுத்தில் குறித்தபோது, தேவைப்பட்ட ஒலிக்கு அங்கே எழுத்து கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்து எழுதினார். தெற்கில் இன்னும் அதே பெயர்கள்தான், வடகொரியா ஒழுங்குபடுத்திவிட்டது.

அகராதி பார்க்க வரிசையும் வேண்டும்: க, ந, த, ர, ம, ப, ஸ, அ, ஜ, ச்ஹ, க்ஹ, த்ஹ, ப்ஹ, ஹ. ஆகாரம் சேர்த்துப் பாட்டாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கலாமா? தமிழில்?

ஆங்கில எழுத்து வேண்டாம். தென்கொரியா 2000-இல் எழுத்துபெயர்ப்பு முறையையே மாற்றியதால், பழைய வரைபடத்தில் பூசான் ஒரு கூட்டலில், புதியதில் வேறு கூட்டலில். ஆட்களின் பெயர் இன்னும் குழப்பம். ‘பார்க்’ என்ற குடும்பப்பெயரில் ர் என்ற ஒலியே இல்லை, அது ‘பக்’. ‘லீ’ தெற்கில் வெறும் ‘இ’. நாம் ‘சியோல்’ என்றும் ‘ஹூண்டாய்’ என்றும் எழுதுவதும் ஆங்கிலக் கூட்டலைப் படித்ததால் வந்ததே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வைத்திருக்கும் அந்த நிறுவனத்தைக் கொரியர் ‘ஹியொன்தே’ என்கிறார்கள்.

தமிழ் எழுத்து அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மூச்சொலியைக் காட்ட வழியில்லை. இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதும் கைகாட்டி மட்டும்தான். அட்டையைப் படிக்க வந்ததும் தமிழ்க் குறிப்புகளை அழித்துவிடுங்கள்.

தமிழும் கொரியனும் உறவு மொழிகள் என்கிறார்களே, அதனால்தான் இவ்வளவு ஒற்றுமையா?

அப்படி ஒரு கருத்து பழையது. கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அம்மா, அப்பா போன்ற சொற்களைக் காட்டி இன்றும் காணொளிகள் வருகின்றன. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அம்மா, அப்பா குழந்தை வாயில் உலகெங்கும் பிறக்கும் ஒலிகள். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘அப்பா’வை வைத்து ப்ப பழகலாம், நமக்கு அது போதும்.

தேர்வில் உச்சரிப்பு வருமா?

கொரிய மொழித்திறன் தேர்வான தோபிக்கின் முதல்நிலையில் கேட்டலும் வாசிப்பும்தான். இலங்கையில் இருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் இ.பி.எஸ். தேர்வும் அப்படியே. அதற்காக ஒலியை அலட்சியம் செய்யக் கூடாது. பாங், ப்பாங் வித்தியாசம் காதில் விழாவிட்டால் கேட்டல் பகுதியில் மதிப்பெண் போகும். வாயால் சொல்லத் தெரிந்த ஒலியைக் காது சீக்கிரம் பிடிக்கும்.

தட்டச்சு எப்போது தொடங்கலாம்?

14 எழுத்தும் அடையாளம் தெரிந்த அன்றே. கைப்பேசியில் கொரிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெய்கள் இடது கைக்கு, உயிர்கள் வலது கைக்கு. தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இது நேர்மாறு, முதலில் கை தடுமாறும். மேல்வரிசை இடப்பக்கத்தில் இருக்கும் ஐந்து மெய்களும் இரட்டிக்கும் ஐந்துதான். ஷிஃப்ட் அழுத்தினால் இரட்டை எழுத்து வரும். மூச்சோடு வரும் க-வைக் கீழ்வரிசையில் தேடுங்கள். கொரியர்களின் அரட்டையில் அந்த எழுத்து மட்டும் உயிரே இல்லாமல் வரிசையாக நின்றால், படிக்க முயல வேண்டாம். எதிரில் இருப்பவர் சிரிக்கிறார்.